பேச்சிப்பாறையில் தூண்டில் போட நினைக்கும் தம்பிக்கு



உங்கள் கடிதம் கிடைத்தது. போன கோடையில் வடக்கு ஒன்டாரியோவில் மிதவை விமானத்தில் போய் இறங்கி, ரோடு எட்டாத ஓர் ஏரிக்கரை மரவீட்டில் குடும்பத்தோடு தங்கி மீன்பிடித்த கதையை ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். மகன் பிடித்த பைக் மீனை அளந்து, படம் எடுத்து, மறுபடி தண்ணீரில் விட்டதையும், வழிகாட்டியாக வந்த ஓஜிப்வே பெரியவர் கரையிலேயே அடுப்பு மூட்டி மீன் வறுத்துத் தந்ததையும் ரசித்து வாசித்தேன். கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: நம்ம ஊரில் இப்படி ஓர் இடம் உண்டா, பேச்சிப்பாறைப் பக்கம் ஏதாவது இருக்கிறதா, இல்லையென்றால் நாமே ஒன்று தொடங்கினால் என்ன? வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் வேறு சிலரும் இதைக் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இல்லை. தூண்டில்காரர்களுக்கென்று ஒரு விடுதி குமரி மாவட்டத்தில் கிடையாது. அது ஏன் வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூணாறும் பேச்சிப்பாறையும் ஒரு காலத்தில் ஒரே திருவிதாங்கூர் ராஜ்யம். மூணாறின் தேயிலைத் துரைமார் தங்கள் ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ராஜமலையில் குஞ்சு பொரிக்க ஏற்பாடு செய்தார்கள். தூண்டில் போடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள். நீலகிரியில் அதற்கு முன்பே பலர் முயன்று தோற்ற காரியத்தை 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் மூலம் நிலைநிறுத்தியிருந்தார். டிரவுட்டுக்கு ஐஸ் போட்ட மாதிரி தண்ணீர் வேண்டும். நம் கோதையாற்றுத் தண்ணீரில் அது பிழைக்காது. ஆனால் குளிர் மட்டும் காரணமில்லை. பொழுதுபோக்க மீன்பிடிக்கும் ஆட்கள் ஓர் இடத்தில் குடியிருந்தால்தான் அவர்களுக்கான விடுதி அங்கே முளைக்கும். நமக்கு வாய்த்த துரை வேறு சோலியாக வந்தவர்.

மிஞ்சின் என்ற அந்த என்ஜினீயரைத்தான் சொல்கிறேன். மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. மலையில் வேலைக்கிருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கன் துரை. அவர் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அணை கட்டியது நாஞ்சில் நாட்டு வயலுக்காக. ஜூனில் தண்ணீர் திறந்தால் கன்னிப்பூ சாகுபடி, அக்டோபருக்குப் பிறகு கும்பப்பூ. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்ற கணக்கு நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். காலையில் பேப்பரைப் பிரித்தால் அரசியலுக்கு முன்னால் இன்றைக்கு அணையில் எத்தனை அடி என்றுதான் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீரில் மீன் இருப்பதும் உண்மைதான். ஆனால் நெல்லுக்கு வந்த தண்ணீரில் மீனுக்குக் கிடைத்த இடம் அது. மீனை முன்வைத்து இந்த ஊரில் யாரும் எதையும் கட்டவில்லை.

பேச்சிப்பாறையைச் சின்ன வயதில் சுற்றுலாப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். அணைச் சுவரில் நின்று படம் எடுத்துவிட்டுத் திற்பரப்பு அருவிக்குப் போயிருப்பீர்கள். அந்தச் சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அக்கரையில்தான் நீங்கள் கேட்கும் வாழ்க்கை நடக்கிறது. தோட்டமலை, தச்சமலை என்று காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகள். அணை நிறைந்திருக்கும்போது அவர்களுக்குப் படகுதான் பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷன் அரிசி, பிரசவத்துக்குப் போகும் பெண், விற்கக் கொண்டுபோகும் வாழைத்தார், மிளகு எல்லாம் தண்ணீர் மேலேதான். மழை பிடித்து ஓடைகள் பெருகினால் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. உங்களுக்கு ஒன்டாரியோவில் ரோடில்லாத ஏரி கொடுத்த சந்தோஷத்தை இவர்களிடம் சொல்லிப் பார்த்தால், எங்களுக்கு ஒரு பாலம் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்பார்கள்.

அங்கே மீன்பிடி என்பது சாயங்காலக் காரியம். வீட்டுக்குக் குழம்பு வேண்டும் என்று தோன்றினால் ஒருவர் நரம்பையும் முள்ளையும் எடுத்துக்கொண்டு ஓடைவாய்க்குப் போவார். மலையிலிருந்து இறங்கும் ஓடை அணைத் தண்ணீரில் சேரும் இடம் அது. மழைக்காலத்தில் மேலிருந்து அடித்து வரும் பூச்சி, பழம், புழுவுக்காக மீன் அங்கேதான் கூடும். எங்கே போடவேண்டும் என்பது அவர்களுக்கு அணையின் அடிக்கணக்கை வைத்தே தெரியும். நாற்பது அடியில் மீன் நிற்கும் இடம் வேறு, இருபதில் வேறு. தண்ணீர் வற்றி, அணைக்குள் மூழ்கிப்போன பழைய மரங்களின் அடிக்கட்டைகள் வெளியே தெரிய ஆரம்பித்தால் வலை போட்டவனுக்குத் தலைவலி, தூண்டில்காரனுக்குக் கொண்டாட்டம். காட்டுக் காய்களை இடித்துக் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கமும் தென்மலைகளில் எங்கும் இருந்ததுதான். அது தேங்கிய கசத்தில், ஓர் ஓடையின் ஒரு மடக்கில், ஊரே கூடிச் செய்தது. அந்த இடத்தில் பின்னால் தோட்டாவும் பிளீச்சிங் பவுடரும் வந்தன. அவற்றுக்குக் குஞ்சும் தெரியாது, முட்டையும் தெரியாது.

சரி, அங்கே நாம் ஒரு விடுதி போட்டால்? அணையைச் சுற்றியிருக்கும் காடு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. யானை தண்ணீர் குடிக்க இறங்கும் கரை அது. கோதையாற்றின் மேல்பக்கம் முத்துக்குழிவயலில்தான் 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டார்கள். கம்பத்துத் தெருக்களில் அவன் நடந்ததை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அவன் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கும் இடத்தில் மரவீடு போட்டு இரவு ஒன்பது மணிக்கு மீன் வறுக்கலாம் என்றால், வனத்துறை அனுமதி தருகிறதோ இல்லையோ, வாசனைக்கு விருந்தாளி வரக்கூடும்.

விளையாட்டுக்குச் சொன்னேன். உங்கள் யோசனைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. காவிரியில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி என்று கர்நாடகப் பக்கம் மஹசீர் முகாம்கள் இருந்தன. உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்தார்கள். பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, விட்டுவிடவேண்டும் என்பது விதி. முன்பு வெடி போட்டு மீன்பிடித்தவர்களில் சிலரே அங்கே வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் தூண்டில் விளையாட்டு கூடாது என்று சட்டம் இறுகியபோது அந்த முகாம்களில் மீன்பிடி நின்றது. ஆனால் அவர்கள் எழுதிவைத்த பிடிப்புக் கணக்கு நின்றுபோகவில்லை. அதைப் பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது: ஆற்றுக்கு நல்லது செய்வதாக நினைத்துப் பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட வேற்றிட மஹசீர் பெருகிப் பெருகி, காவிரிக்கே சொந்தமான திமில் மஹசீர் ஏறக்குறைய இல்லாமல் ஆகியிருந்தது. 1946-இல் காவிரியில் கலக்கும் கபினியில் வான் இன்கன் என்பவர் 120 பவுண்டு மஹசீர் ஒன்றைப் பிடித்தார். ஐம்பத்து நாலு கிலோ, ஓர் ஆளின் எடை. அப்படிப்பட்ட மீனுக்கு 2018 வரைக்கும் சரியான அறிவியல் பெயர்கூடத் தீர்மானமாகியிருக்கவில்லை. தோர் ரெமாதேவி (Tor remadevii) என்று அடையாளம் கண்ட அதே வருஷம், அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகவும் அது பட்டியலில் ஏறியது.

அந்தப் பெயரில் இருக்கும் ரெமாதேவி சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீன் விஞ்ஞானி. அவருக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடுப்பு உண்டு. 2010-இல் அவரும் உடன் இருவருமாக, நம் மலையோடையில் பிடித்த ஒரு சின்னக் கெண்டையைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். இலங்கை அறிஞர் ரோஹன் பெத்தியகொடவின் பெயரை அதற்கு வைத்தார்கள். தவ்கின்சியா ரோஹனி என்று இப்போது சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அணை இருக்கிறது. தோட்டமும் மின்நிலையமும் வந்துவிட்டன. அந்த ஓடையில் காலுக்கிடையில் ஓடிய மீனுக்கு ஏட்டில் பெயர் விழ 2010 ஆயிற்று. பெரிய மீன் தேடி வருகிறவர்கள் இந்தச் சின்ன மீன்கள் பக்கம் திரும்பமாட்டார்கள் என்பது விடுதிகள் மேல் எனக்கிருக்கும் ஒரு மனத்தாங்கல். விருந்தாளியைத் திருப்திப்படுத்த யாராவது பெரிய இனத்துக் குஞ்சாக வாங்கிக் கொட்டுவார்கள். காவிரியில் நோக்கம் வேறாக இருந்தாலும் முடிந்தது அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டம் காட்டில் குடியிருக்கும் சமூகங்களுக்கு நீர்நிலைகளின் மீன் மேலும் உரிமை உண்டு என்று எழுத்திலேயே சொல்கிறது. ஆகவே அக்கரையில் என்றாவது ஒரு படகுத்துறையும் நாலு குடிசையும் வருமானால், அதைக் காணிக்காரர்களே தொடங்கி, எந்த ஓடைவாயில் யார் எப்போது முள் போடலாம் என்பதை அவர்களே சொல்வதாக இருக்கட்டும். டொரோன்டோவிலிருந்து நீங்களும் நாகர்கோவிலிலிருந்து நானும் பங்கு போட்டு நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீன்பிடிக்க வேண்டுமா, கீழே இறங்கி வாருங்கள். மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் இருக்கின்றன. கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் கால்வாயாக இறங்கி, ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அந்த மறுகாலில் புதுத் தண்ணீர் விழும் ராத்திரியில் மீன் எதிர்த்து ஏறும். கெண்டை துள்ளும், விலாங்கு ஈரச் சுவரோடு ஒட்டி வளைந்து வளைந்து ஏறும், பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றித் தரையிலேயே நகரும். பறி வைத்தவனுக்கு அன்றைக்கு யோகம். சினையோடு ஏறும் மீனை இப்படி வாரினால் அடுத்த வருஷம் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டால், வயலில் அடிக்கிற மருந்தைவிட என் பறியா அதிகம் கொல்லுகிறது என்று திருப்பிக் கேட்கிறார்கள். பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருக்கிறது.

தூண்டிலில் உண்மையான விளையாட்டு விராலுக்குத்தான். பையனுக்கு அதைக் காட்டுங்கள். தாமரை மூடிய குளத்தில் இலைகளுக்கிடையில் கையகலத் தண்ணீர் தெரியும் இடங்கள் இருக்கும். நீளமான மூங்கில் கழி, தடித்த நரம்பு, பெரிய முள், முள்ளில் தவளைக்குஞ்சு. எறிய வேண்டாம். கழியை நீட்டி, அந்தத் தண்ணீர்ச் சந்தில் இரையைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். தவளை தத்துகிறது என்று விரால் நம்ப வேண்டும். காற்று குடிக்க மேலே வரும் மீன் அது. ஒரு குமிழ் வெடித்தால் அங்கேதான் நிற்கிறது என்று அர்த்தம். அடித்தால் இலை அதிரும். உடனே வெட்டி இழுக்கக் கூடாது; அது வாயில் வைத்துக்கொண்டு கீழே போகும், விழுங்க ஒரு மூச்சு நேரம் விட்டு, அப்புறம் ஒரே தூக்கு. தாமரைத் தண்டைச் சுற்றவிட்டால் மீனும் போச்சு, முள்ளும் போச்சு. சில நாள் தண்ணீரில் சிவப்பாக ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் தெரியும். அது விரால்குஞ்சு. தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் சீறி வந்து கடிக்கும். அந்த இடத்தில் முள் போடுகிற ஆளோடு நான் பேசுவதில்லை.

பிடித்ததைத் திருப்பி விடும் உங்கள் வழக்கத்தை மட்டும் குளத்தங்கரையில் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். “புடிச்ச மீன திருப்பி விடதுக்கு எதுக்குவே வெயில்ல வந்து இருக்கணும்?” என்றார் ஒரு பெரியவர். பதிலுக்குக் காத்திராமல் கழியைப் பக்கத்து இலைக்கு மாற்றிக்கொண்டார்.

அனுமதி கேட்பது முக்கியம். குளத்து மீன் ஊர்ச் சொத்து என்று நினைத்தால் சண்டை வரும். பெரும்பாலான குளங்களில் மீன்பாசி ஏலத்தில் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். மேல் தண்ணீரில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று மேயும். கங்கைக் கரை மீன்கள் இவை, குளத்தில் முட்டையிடாதவை. 1957-இல் ஹீராலால் சவுத்ரி மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான் தேரூர்க்காரன் தட்டு வரைக்கும் கட்லா வந்தது. அதற்கு முன்பே, 1952-இல் இந்தியாவுக்குள் வந்த திலேபியா, நம் ஊரில் சிலேபி, யாரும் விடாமலே எல்லாக் குளத்திலும் இருக்கிறது. உங்கள் மகன் புழு கோத்துப் போடும் முதல் முள்ளில் ஏறப்போவதும் அதுதான். நாட்டு மீன்களான அயிரையும் ஆரலும் குறவையும் கேட்டால் சந்தைக்காரர் தேடிப் பார்க்கிறேன் என்கிறார்.

குத்தகைக்காரருக்கும் விவசாயிக்கும் தீராத வழக்கு ஒன்றும் உண்டு. மீன் வாரத் தண்ணீர் வற்ற வேண்டும். பயிர் தேறத் தண்ணீர் நிற்க வேண்டும். மாசி, பங்குனியில் ராத்திரியோடு ராத்திரியாக எவனோ மடையைத் திறந்துவிட்டான் என்ற புகார் வராத வருஷம் குறைவு. மூன்றாவது கட்சி பறவை. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வந்து இறங்கும்போது கேமராக்காரர்கள் சிரிக்கிறார்கள், குஞ்சு விட்டவர் வயிற்றில் கைவைக்கிறார். பார்க்கப்போனால் இந்த மூன்று பேரும் சண்டை போட ஒரு குளம் மிச்சமிருப்பதே பெரிய காரியம். வயல் மனையாகிற இடத்தில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைக் கேட்க ஆளில்லை.

சித்திரையில் வந்தீர்களானால் குளம் அழிக்கும் நாளைப் பார்க்கலாம். முழங்கால் தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நடப்பார்கள். கரையில் தராசு, ஐஸ் பெட்டி, பேரம். குத்தகைக்காரர் எடுத்து முடித்ததும் சேற்றில் ஊர்ப் பிள்ளைகள் இறங்கும். கையால் துழாவி, மண்ணோடு அள்ளி, கெளுத்தியையும் தேளியையும் பிடிக்கும். உங்கள் மகனையும் இறக்கிவிடுங்கள். பிடித்ததைக் கல்லுப்பும் சாம்பலும் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்து, தேங்காய் அரைத்துப் புளி தூக்கலாகக் குழம்பு வைத்து, மரச்சீனிக் கிழங்கோடு கொடுங்கள். சேற்றுவாடை அடிக்கிறது என்று அவன் சொன்னால் அவனிடம் நியாயம் இருக்கிறது. கட்லாவுக்கு அது உண்டு, விராலுக்குக் குறைவு.

தங்க இடம் குலசேகரத்தில் கிடைக்கும், நாகர்கோவிலிலும் கிடைக்கும். ஃபைபர் கழியும் ரீலும் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டாம். மூங்கில் கழி நான் பார்த்து வைக்கிறேன். காணிக் குடியிருப்புக்குப் போக ஆசையென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள். வனத்துறையிடமும் ஊர் மூப்பரிடமும் கேட்டுத்தான் போகவேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்

பி.கு.: தேளி முள் குத்தினால் பயல் அலறிவிடுவான். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும். வீக்கம் ஏறினால் வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கள்.